பழைய எக்ஸ்றே சொற்களைத் தமிழாக்குவது எப்படி: முழுமையான வழிகாட்டி

வீட்டு அலுமாரியில் தாத்தாவின் நெஞ்சு எக்ஸ்றே ஒன்றும், மடிப்பில் கிழிந்த ஆங்கில அறிக்கை ஒன்றும் உங்களுக்குக் கிடைத்திருக்கலாம். அல்லது 1920களிலோ 1950களிலோ அச்சான எக்ஸ்றேக் கைநூல் ஒன்றைத் தமிழில் கொண்டுவர நினைத்திருக்கலாம். இரண்டுக்கும் வேலை ஒன்றுதான். புழக்கத்திலிருந்து போய்விட்ட சொற்களையும், புழக்கத்தில் இருந்தும் பொருள் மாறிப்போன சொற்களையும் பிழையில்லாமல் தமிழாக்க வேண்டும்.

கொழும்பு வெள்ளவத்தையில் என் வீட்டு மேசையில் சனிக்கிழமைகளில் நாலைந்து பேர் கூடி இந்த வேலையைச் செய்கிறோம். புதிதாக வருபவர்கள் ஏறக்குறைய ஒரே இடங்களில்தான் தடுக்கி விழுகிறார்கள். அவர்களுடைய ஆங்கிலமும் நல்லது, தமிழும் நல்லது. வரிசைதான் பிழைக்கிறது. சொல்லைக் கண்டதும் அகராதியைத் திறக்கிறார்கள். முதலில் ஆண்டு, பிறகு எழுதியவர், அதன் பிறகு அவர் கண்ட பொருள், கடைசியில்தான் சொல். கீழே உள்ள படிகளெல்லாம் இந்த வரிசையில்தான் போகின்றன. இடையில் ஒன்றைத் தாண்டிப் போகாதீர்கள்.

1. தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

ஒரு தடித்த கொப்பியும் பென்சிலும் போதும். கணினியில் அட்டவணை போடுவது பிறகு. ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு முழுப் பக்கம் விடுங்கள். ஒரே சொல் மூன்று பொருளில் வரும்போது இடம் தேவைப்படும்.

இலங்கைப் பாடத்திட்டத்துப் பௌதிகவியல் புத்தகம் ஒன்று, உயிரியல் புத்தகம் ஒன்று, உடலுறுப்புப் படம் ஒன்று. அரச கரும மொழித் திணைக்களம் அந்நாளில் வெளியிட்ட சொற்றொகுதிகள் கிடைத்தால் மிக நல்லது. கொழும்புத் தமிழ்ச் சங்க நூலகத்திலும் கொழும்புப் பொது நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள். நூலகம் என்ற இணையத் தளத்திலும் பழைய இலங்கைத் தமிழ்ப் புத்தகங்கள் நிறைய இருக்கின்றன.

இவற்றைவிடப் பெரிய தேவை ஓர் ஆள். பிலிமைக் கழுவிக் காயவைத்த காலத்தில் வேலை செய்த ரேடியோகிராபர் (எக்ஸ்றேப் படமெடுப்பவர்) ஒருவரைத் தேடிப் பிடியுங்கள். எங்களுக்கு ஓய்வுபெற்ற ஓர் ஐயா வாய்த்தார். அவர் அரை மணி நேரத்தில் தீர்த்துவைத்த குழப்பங்கள், நாங்கள் அகராதிகளோடு மாதக்கணக்காக மல்லுக்கட்டியவை.

பிலிமைக் கையாளும்போது ஓரத்தை மட்டும் பிடியுங்கள். கொழும்பின் ஈரக் காற்றில் பிலிம்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்ளும். ஒட்டியதை இழுத்துப் பிரித்தால் படம் உரிந்து வந்துவிடும். அப்படியே வைத்துவிட்டு, தேசிய சுவடிகள் திணைக்களம் போன்ற இடத்தில் ஆலோசனை கேளுங்கள்.

மிகப் பழைய பிலிமில் இன்னோர் ஆபத்தும் உண்டு. தொடக்க கால எக்ஸ்றே பிலிம்கள் நைத்திரேற்று வகை. எளிதில் தீப்பற்றும், நச்சுப் புகை விடும். 1929இல் அமெரிக்காவின் கிளீவ்லன்ட் நகர மருத்துவ நிலையம் ஒன்றில் அடுக்கி வைத்திருந்த எக்ஸ்றே பிலிம்கள் எரிந்து 120க்கு மேற்பட்டவர்கள் இறந்தார்கள். பிலிமின் ஓரத்தில் ஆங்கிலத்தில் 'சேஃப்டி' என்று அச்சாகியிருந்தால் அது எளிதில் தீப்பற்றாத வகை என்று பொருள். அந்தச் சொல் இல்லாமல், பழுப்பேறிப் பிசுபிசுத்துக் கடும் வாடையும் வீசினால், அதை விளக்குக்குக் கிட்டக் கொண்டுபோகவே வேண்டாம்.

கடைசியாக ஒன்று: நோயாளியின் பெயரையும் இலக்கத்தையும் ஒரு கடதாசித் துண்டால் மறைத்துவிட்டு வேலையைத் தொடங்குங்கள். உங்கள் தாத்தாவின் படமாக இருந்தாலும் குழுவுக்குக் காட்டும்போது மறையுங்கள். நெஞ்சு எக்ஸ்றே அறிக்கைகளில் பலவும் காசநோய் பற்றியவை. அந்தக் காலத்தில் குடும்பங்கள் அதை எவ்வளவு ஒளித்து வைத்தன என்பது உங்களுக்குத் தெரியும்.

2. முதலில் ஆண்டைப் பிடியுங்கள்

திகதி எழுதியிருந்தால் சரி. இல்லாவிட்டால் பொருளே ஆண்டைச் சொல்லும். கண்ணாடித் தகடு என்றால் பெரும்பாலும் முதலாம் உலகப் போர்க் காலமோ அதற்கு முந்தியதோ. இரு பக்கமும் பூச்சுள்ள பிலிம் 1918இல்தான் சந்தைக்கு வந்தது.

கதிரை அளக்கும் அலகுகளும் உதவும். றொன்ட்ஜன் என்ற அலகு 1928இல் அனைத்துலக அளவில் ஏற்கப்பட்டது. ராட் 1953இல் வந்தது. கிரே 1975இலும் சீவேட் 1979இலும் வந்தன. ராட் என்று எழுதிய தாள் 1940களைச் சேர்ந்ததாக இருக்க முடியாது.

ஆண்டு ஏன் முதலில்? 'டொமோகிராம்' என்ற சொல்லைப் பாருங்கள். 1950இல் அது ரியூபையும் (எக்ஸ் கதிர் தரும் குழாய்) பிலிமையும் எதிரெதிராக நகர்த்தி, உடலின் ஒரு தளத்தை மட்டும் தெளிவாகப் பிடித்த படம். மனிதர் ஒருவரைக் கணினியோடு இணைந்த சீ.ரீ. கருவியில் வைத்து முதலில் படமெடுத்தது 1971இல். ஆண்டைப் பாராமல் 'சீ.ரீ. ஸ்கான்' என்று எழுதினால் இல்லாத கருவியைத் தாத்தா காலத்துக்குக் கொண்டுபோய் வைத்துவிடுவீர்கள். எங்கள் குழுவுக்கு வந்தவர்களில் பாதிப் பேராவது இதைச் செய்திருக்கிறார்கள்.

3. தாளை எழுதியவர் யார்?

ஓர் உறைக்குள் மூன்று பேருடைய எழுத்து இருக்கலாம். அனுப்பிய டொக்டரின் வேண்டுகோள், படமெடுத்த ரேடியோகிராபரின் குறிப்பு, படத்தைப் பார்த்த கதிரியல் நிபுணரின் அறிக்கை. மூன்றையும் வெவ்வேறு நிறப் பென்சிலால் அடையாளமிடுங்கள். கிலோவோல்ற், மில்லியம்பியர்-செக்கன், தூரம் என்று எண்கள் வந்தால் அது ரேடியோகிராபர். 'மேல் வலயம்', 'நிழல்' என்று வந்தால் அறிக்கை.

இது வீண் வேலையாகத் தோன்றும். 'டென்சிட்டி' என்ற சொல் வந்ததும் அருமை தெரியும். ரேடியோகிராபருக்கு டென்சிட்டி கூடினால் பிலிம் கறுத்துவிட்டது என்று பொருள். அறிக்கை எழுதும் நிபுணருக்கு டென்சிட்டி என்றால் கதிர் கடக்க முடியாத இடம், அதாவது பிலிமில் வெளுத்திருக்கும் இடம். ஒரே உறைக்குள் ஒரே சொல் நேர் எதிரான இரண்டு பொருளில் கிடக்கும்.

எங்கள் ஐயா இதை ஒரே வரியில் சொன்னார்: "பிள்ளை, நாங்கள் பிலிமைப் பாத்துச் சொல்லுறது, அவை ஆளைப் பாத்துச் சொல்லுறது." அன்றிலிருந்து ரேடியோகிராபரின் டென்சிட்டியைப் 'பிலிமின் கருமை' என்றும், நிபுணரின் டென்சிட்டியை 'அடர்த்தியான இடம்' என்றும் எழுதுகிறோம்.

4. கறுப்பு எது, வெள்ளை எது என்று தீர்த்துக்கொள்ளுங்கள்

இந்தப் படியில்தான் அதிக நேரம் செலவழிக்க வேண்டும். இங்கே தவறினால் பிறகு எல்லா வாக்கியமும் தலைகீழாகும்.

பிலிமில் கதிர் பட்ட இடம் கறுக்கும். எலும்பு கதிரை மறிப்பதால் அதன் பின்னாலுள்ள பிலிம் வெள்ளையாக நிற்கும். நாம் ஆஸ்பத்திரியில் பார்த்துப் பழகியது இதுதான். ஆனால் பழைய புத்தகங்கள் பலவற்றில் பிலிமை அப்படியே அச்சிடவில்லை. புகைப்படம் போலக் கடதாசியில் பிரதி எடுத்து அச்சிட்டார்கள். பிரதியில் எலும்பு கறுப்பு. எக்ஸ் கதிரைக் கண்டறிந்த றொன்ட்ஜன் 1895 டிசம்பரில் எடுத்த அவர் மனைவியின் கைப்படத்தை நினைத்துப் பாருங்கள்: விரலெலும்புகளும் மோதிரமும் கறுப்பாகத்தான் இருக்கும்.

ஆகவே பழைய நூல் ஒன்று 'கருநிழல்' என்று சொன்னால், அது பிலிமைச் சொல்கிறதா, பிரதியைச் சொல்கிறதா என்று படத்தைப் பார்த்துத் தீர்மானியுங்கள். படம் இல்லாவிட்டால் உறுதியான ஓர் உறுப்பைத் தேடுங்கள். விலா எலும்பு என்ன நிறம் என்று எங்காவது ஒரு வரி இருக்கும். அதைத் திறவுகோலாக வைத்துக்கொள்ளுங்கள்.

மூன்றாவது ஒரு நிலையும் உண்டு. இருட்டறையில் ஒளிரும் திரைக்கு முன்னால் நோயாளியை நிறுத்தி டொக்டர் நேராகப் பார்க்கும்போது, கதிர் பட்ட இடம் ஒளிரும். நுரையீரல் வெளிச்சம், எலும்பும் இதயமும் கறுப்பு. அதாவது பிரதியைப் போல, பிலிமுக்கு எதிர். திரையில் பார்த்து எழுதிய அறிக்கையையும் பிலிமைப் பார்த்து எழுதிய அறிக்கையையும் ஒரே அளவுகோலால் படிக்கக் கூடாது.

இப்போது 'ஷடோ' என்ற சொல்லுக்கு வருவோம். நிபுணர் 'நிழல்' என்று எழுதினால் பெரும்பாலும் பிலிமில் வெள்ளையாகத் தெரியும் இடம். நிழல் என்றதும் தமிழ் மனம் கறுப்பைத்தான் நினைக்கும். 'நுரையீரலில் கருநிழல் படிந்துள்ளது' என்று எழுதியவர்களைக் கண்டிருக்கிறேன். கேட்க நன்றாக இருக்கிறது. ஆனால் பிலிமில் அந்த இடம் வெள்ளை. கதிரை மறித்ததால் விழுந்த நிழல் என்பதே அதன் பொருள். அந்தச் சொல் முதல் தடவை வரும்போது நாங்கள் 'வெள்ளை நிழல்' என்று எழுதி, பிறகு 'நிழல்' என்று மட்டும் விடுகிறோம்.

'ஒப்பாசிட்டி' கதிரை மறிக்கும் தன்மை. 'ட்ரான்ஸ்லூசன்சி' கதிரை விடும் தன்மை. இவற்றை 'ஒளிபுகாத', 'ஒளிபுகும்' என்று எழுதுவது பிழை. உடலுக்குள் ஒளி எங்கே புகுந்தது? 'கதிர் மறிக்கும்', 'கதிர் விடும்' என்று எழுதுங்கள். இரண்டும் எளிது, யாருக்கும் விளங்கும்.

5. படத்தின் பெயர்கள்

ஒரே பொருளுக்கு அந்நாளில் பல பெயர்கள்: ஸ்கியாகிராம், ஸ்கியாகிராஃப், ரேடியோகிராம், றொன்ட்ஜனோகிராம், ஷடோகிராஃப், பிளேட். பெரும்பாலும் எல்லாம் எக்ஸ்றேப் படம்தான்.

'ஸ்கியா' என்றால் கிரேக்கத்தில் நிழல். உடனே 'நிழற்படம்' என்று எழுதத் தோன்றும். எழுதாதீர்கள். தமிழில் நிழற்படம் என்றால் புகைப்படம் என்று நிலைத்துவிட்டது. 'நோயாளியின் நெஞ்சு நிழற்படம்' என்று எழுதினால், சட்டையைக் கழற்றி நிற்க வைத்துக் கமராவால் எடுத்ததாக வாசகர் நினைப்பார். 'எக்ஸ்றேப் படம்' என்று எழுதுங்கள். மூலத்தின் பழைய மணம் வேண்டுமென்றால் ஸ்கியாகிராம் என்றே விட்டு, முதல் இடத்தில் விளக்கம் கொடுங்கள்.

'ரேடியோகிராம்' இன்னும் சிக்கல். எக்ஸ்றேப் படம் என்பது ஒரு பொருள். வானொலி வழியாக அனுப்பிய தந்திச் செய்தி இன்னொன்று. நம் வீடுகளில் பாட்டனார் காலத்து மரப்பெட்டி ரேடியோ, மேலே இசைத்தட்டுப் போடும் இடத்தோடு, அதற்கும் ரேடியோகிராம் என்றுதான் பெயர். கடிதமொன்றில் 'ரேடியோகிராம் வந்துவிட்டதா' என்று இருந்தால் முன்பின் வரிகளைப் படிக்காமல் கை வைக்காதீர்கள்.

'பிளேட்' கண்ணாடி போன பிறகும் நெடுங்காலம் ஒட்டிக்கொண்ட சொல். 1950க்குப் பிந்திய அறிக்கையில் 'பிளேட்' என்று வந்தால் தகடு என்று எழுத வேண்டாம், பிலிம் என்றே எழுதலாம். 1910 என்றால் தகடுதான்.

'ப்ளேன் ஸ்கியாகிராம்' என்பதைச் 'சாதாரண எக்ஸ்றே' என்று எழுதினால் 'குறையில்லாத எக்ஸ்றே' என்று சிலர் படிப்பார்கள். 'மருந்து கொடுக்காமல் எடுத்த படம்' என்பது நீளம்தான், ஆனால் சரி.

'வெட் பிலிம்' கழுவி எடுத்து இன்னும் காயாத பிலிம். அவசரத்துக்கு அப்படியே பார்த்துச் சொல்வார்கள். காய்ந்த பிறகு மீண்டும் பார்த்து அறிக்கை மாறலாம். அதனால் அந்தச் சொல்லைத் தேவையற்றதென்று விட்டுவிடாதீர்கள். அறிக்கை எவ்வளவு உறுதி என்பதை அது காட்டுகிறது.

6. திரை என்ற சொல்லை மூன்றாகப் பிரியுங்கள்

'ஸ்கிறீன்' வந்தால் கொப்பியில் மூன்று பகுதி போடுங்கள்.

ஒன்று, டொக்டர் பார்க்கும் ஒளிரும் திரை. 'ஸ்கிறீனிங் செய்யவும்' என்று பழைய அறிக்கையில் இருந்தால் இதுதான்: நோயாளியைத் திரைக்கு முன் நிறுத்தி இதயத்தின் துடிப்பையும் மூச்சுத் தசையின் அசைவையும் நேராகப் பார்ப்பது. கண் இருட்டுக்குப் பழகுவதற்காக டொக்டர் முன்கூட்டியே சிவப்புக் கண்ணாடி அணிந்திருப்பார். 'சிவப்புக் கண்ணாடி' என்று குறிப்பு வந்தால் பதற வேண்டாம், காரணம் அதுதான்.

இரண்டு, பிலிம் பெட்டிக்குள் பிலிமோடு ஒட்டி வைக்கும் திரை. கல்சியம் தங்ஸ்தேற்றுப் பூசியது. கதிர் பட்டதும் அது ஒளிர்ந்து பிலிமை விரைவாகக் கறுக்கவைக்கும்; அதனால் நோயாளிக்குக் குறைந்த கதிர் போதும். இதை 'ஒளிகூட்டும் திரை' என்று எழுதுகிறோம்.

மூன்று, நோய் அறிகுறி இல்லாதவர்களைக் கூட்டமாகப் பரிசோதிப்பது. இன்று ஸ்கிறீனிங் என்றால் எல்லோரும் நினைப்பது இது. 1936இல் பிரேசிலில் மனுவேல் டி அப்ரூ தொடக்கிவைத்த சிறு பிலிம் முறை இதற்குத்தான் பயன்பட்டது. ஒளிரும் திரையையே சிறிய கமராப் பிலிமில் படம் பிடிப்பார்கள். ஆக, அங்கே முதல் பொருளும் மூன்றாம் பொருளும் ஒரே அறையில் நிற்கும். குறிப்புகளில் எம்.எம்.ஆர். (மாஸ் மினியேச்சர் ரேடியோகிராஃபி) என்று சுருக்கமாக வரும்.

என் முதல் மொழிபெயர்ப்பில் 'ஸ்கிறீனிங் அவசியம்' என்பதை 'நோய்க்கண்டறி முகாமுக்கு அனுப்புக' என்று எழுதினேன். அது ஒரு குடும்பத்தின் கையில் போய்ச் சேர்ந்தது. அவர்கள் தங்கள் பெரியப்பாவை ஊர்க் கூட்டத்தோடு வரிசையில் நிறுத்தியதாகப் புரிந்துகொண்டு வருந்தினார்கள். நேரில் போய்த் திருத்திக் கொடுத்தேன். இந்தப் படியை நான் வற்புறுத்துவது அதனால்தான்.

7. ரியூப் சொற்கள்

கைநூல்களை மொழிபெயர்ப்பவர்களுக்கு மட்டும் இந்தப் படி. அறிக்கை மட்டும் வைத்திருப்பவர்கள் அடுத்த படிக்குப் போகலாம்.

'சொஃப்ட்', 'ஹார்ட்' என்பவை ரியூபுக்கும் வரும், கதிருக்கும் வரும். பழைய வாயு ரியூபில் உள்ளே கொஞ்சம் வாயு இருக்கும். வாயு கூடினால் மென் ரியூப், குறைந்தால் வன் ரியூப். வன் ரியூப் தரும் கதிர் ஆழமாக ஊடுருவும். பாவிக்கப் பாவிக்க வாயு குறைந்து ரியூப் வன்மையாகிக்கொண்டே போகும். 'கடினமான கண்ணாடி' என்று எழுதாதீர்கள். 'வன் எக்ஸ் கதிர்', 'மென் எக்ஸ் கதிர்' என்று எழுதினால் பௌதிகவியல் படித்த பிள்ளைக்கும் விளங்கும். 1913இல் கூலிட்ஜின் சூடான தங்ஸ்தன் இழை ரியூப் வந்த பிறகு இந்தத் தொல்லை குறைந்தது.

'அன்ரிகதோட்' மொழிபெயர்ப்பவர் விழும் பெரிய குழி. கதோட்டுக்கு எதிரே வைத்த தகடு, அதாவது இலத்திரன்கள் மோதும் இலக்கு. 'எதிர்' சேர்த்து மொழிபெயர்த்தால் தமிழ்நாட்டு வாசகர் குழம்புவார். அவர்களுடைய புத்தகத்தில் எதிர்மின்வாய் என்பதே கதோட்டு. இலக்குக்கு நீங்கள் கதோட்டின் பெயரையே கொடுத்ததாகிவிடும். 'இலக்குத் தகடு' என்று எழுதுங்கள், கடல் கடந்தும் பிழைக்காது.

'10 அங்குலக் கொயில்' என்றால் கொயிலின் (ரியூபுக்கு மின்னழுத்தம் கொடுத்த கம்பிச் சுருள்) நீளம் 10 அங்குலம் என்று எல்லோரும் எழுதுகிறார்கள். அந்தக் கொயில் காற்றில் 10 அங்குலத் தூரம் தீப்பொறி பாய்ச்சும் என்பதே பொருள். மின்னழுத்தத்தை அப்படித்தான் அளந்தார்கள்.

'டெலிரேடியோகிராம்' தொலைவிலிருந்து அனுப்பிய படம் அல்ல. ரியூபைச் சுமார் 6 அடி தள்ளி வைத்து எடுத்த நெஞ்சுப் படம். தள்ளி வைத்தால் இதயத்தின் நிழல் பெருக்காமல் உண்மை அளவுக்கு நெருங்கி விழும். இன்று படத்தை வெளியூர் நிபுணருக்கு இணையத்தில் அனுப்புவதற்கு ஏறக்குறைய இதே சொல் வந்துவிட்டதால் குழப்பம்.

'பக்கி' என்று வந்தால் ஆள் பெயர். 1913இல் குஸ்டாவ் பக்கி அமைத்த ஈயக் கம்பிச் சட்டம். சிதறும் கதிரை வடிக்கும். பிறகு பொற்றர் என்பவர் அதை அசைய வைத்தார், அதனால் கம்பிக் கோடுகள் பிலிமில் விழாது. பெயரை மொழிபெயர்க்க வேண்டாம்.

8. பரிசோதனைப் பெயர்களும் அறிக்கை வாய்பாடுகளும்

'பேரியம் மீல்' என்பதைப் 'பேரியம் சாப்பாடு' என்று எழுதாதீர்கள். கரைத்துக் குடிக்கும் வெள்ளைக் கலவை அது. ஆஸ்பத்திரியில் எல்லோரும் பேரியம் மீல் என்றே சொல்வதால் அப்படியே விடுங்கள். 1910 அளவிலான நூலில் பிஸ்மத் மீல் என்று வந்தால் திருத்த வேண்டாம். பேரியத்துக்கு முன் அதைத்தான் கொடுத்தார்கள்.

'டை' என்று வந்தால் சாயம் என்று எழுதுவதும் தவறு. எதுவும் நிறம் மாறுவதில்லை. கதிரை மறிக்கும் மருந்து உள்ளே போகிறது. 'படத்தில் தெரியவைக்கும் மருந்து' என்று எழுதலாம்.

'பி.ஏ.' என்றால் கதிர் முதுகால் புகுந்து மார்பால் வெளியேறியது. பிலிம் மார்போடு ஒட்டியிருந்தது. 'முதுகுப் படம்' என்று எழுதுபவர்கள் அதிகம். 'ஏ.பி.' இதற்கு மறுதலை. எழுந்து நிற்க முடியாதவரைப் படுக்கையில் வைத்து எடுப்பது பெரும்பாலும் ஏ.பி. ஏ.பி.யில் இதயம் பிலிமிலிருந்து தள்ளி இருப்பதால் பெரிதாகத் தெரியும். அதனால் இந்த இரண்டு எழுத்தை விட்டுவிட்டால் 'இதயம் பெருத்துள்ளது' என்ற வரியின் கனம் மாறிவிடும்.

'வலயம்' வேறு, 'சோணை' வேறு. மேல் வலயம் என்பது பிலிமில் மேலே தெரியும் பகுதி. மேற்சோணை நுரையீரலின் உண்மையான பிரிவு. கீழ்ச்சோணையின் உச்சிப் பகுதி பின்புறமாக மேலேறி நிற்பதால், பிலிமில் அது மேலே உள்ளவற்றோடு சேர்ந்து விழும். அறிக்கை வலயம் என்றால் நீங்களும் வலயம் என்றே எழுதுங்கள்.

'கொக்ஸ்', 'தைசிஸ்' இரண்டும் காசநோய். மூலம் பூசி மெழுகிச் சொல்லியிருந்தால் அடிக்குறிப்பில் காசநோய் என்று விளக்குங்கள். பழைய தமிழ்க் கடிதங்களில் சயரோகம் என்று வருவதும் இதுவே.

'என்.ஏ.டி.' என்ற மூன்றெழுத்துக்கு 'குறை எதுவும் காணப்படவில்லை' என்று பொருள். 'நோய் இல்லை' என்று எழுதினால் டொக்டர் சொல்லாததைச் சொன்னதாகும்.

9. அலகுகளை மாற்றும் முறை

மூலத்து எண்ணையும் அலகையும் அப்படியே எழுதிவிட்டு, மாற்றத்தை அடிக்குறிப்பில் போடுங்கள். வாக்கியத்துக்குள் மாற்றினால் பிறகு யாராலும் சரிபார்க்க முடியாது.

100 ராட் 1 கிரே. 100 ரெம் 1 சீவேட். 1 கியூரி 3,700 கோடி பெக்கரல். றொன்ட்ஜன் காற்றில் அளக்கும் அலகு, ராட் உடல் உள்வாங்கியதை அளப்பது. இரண்டையும் ஒன்றென்று எழுதக் கூடாது.

1928க்கு முந்திய சிகிச்சைக் குறிப்புகளில் 'எரிதிமா டோஸ்' என்று வரும். தோல் சிவக்கும் அளவு கதிர் என்று பொருள். ரியூபுக்கு ரியூப், ஆளுக்கு ஆள் மாறும் அளவு அது. எண்ணாக மாற்ற முயல வேண்டாம். 'பஸ்தீல்' என்றால் மாத்திரை அல்ல, கதிர் பட்டால் பச்சையிலிருந்து பழுப்புக்கு மாறும் சிறு வில்லை. அதன் நிறத்தைப் பார்த்து அளவைத் தீர்மானித்தார்கள். 'நோயாளிக்கு ஒரு மாத்திரை கொடுக்கப்பட்டது' என்று எழுதிய ஒரு மொழிபெயர்ப்பை நாங்கள் திருத்தியிருக்கிறோம்.

10. இப்போதுதான் தமிழ்ச் சொல்

பழந்தமிழ் மருத்துவ நூல்களில் எக்ஸ்றேச் சொல் தேடிச் சிலர் நாட்களை வீணாக்குகிறார்கள். யாழ்ப்பாணத்து மானிப்பாயில் தமிழில் மருத்துவம் கற்பித்த டொக்டர் சாமுவேல் கிறீன் 1884இல் இறந்தார். எக்ஸ் கதிர் கண்டறியப்பட்டது 1895 நவம்பரில். அவருடைய நூல்கள் உறுப்புகளின் பெயருக்கு அருமையான சுரங்கம். கதிருக்கு அங்கே இடமில்லை.

சொல் தேர்வில் எங்கள் வரிசை இது. ஆஸ்பத்திரி வரிசையில் நிற்பவர் சொல்லும் சொல் இருந்தால் அதுவே: எக்ஸ்றே, பிலிம், பேரியம் மீல். அது இல்லாவிட்டால் இலங்கைப் பாடப்புத்தகச் சொல்: எக்ஸ் கதிர், கதோட்டு, அனோட்டு, சோணை. அதுவும் இல்லாவிட்டால் ஒரு சிறு விளக்கத் தொடர். புதுச் சொல் உருவாக்குவது கடைசி. உருவாக்கும் ஆசை எல்லோருக்கும் வரும், எனக்கும் வருகிறது. ஆனால் வாசகர் அதைக் கேட்டதே இல்லை என்றால், பழைய சொல்லின் பூட்டைத் திறக்கப் போய் இன்னொரு பூட்டைப் போட்டவர்களாவோம்.

தமிழ்நாட்டில் ஊடுகதிர், கதிரியக்கம் என்கிறார்கள். நம் பாடப்புத்தகத்தில் எக்ஸ் கதிர், கதிர்த்தொழிற்பாடு. எது சரி என்று வாதாடாமல் உங்கள் வாசகர் எங்கே இருக்கிறார் என்று பார்த்து ஒன்றை எடுங்கள், மற்றதைக் கொப்பியில் பக்கத்தில் எழுதுங்கள். ஒரே மொழிபெயர்ப்பில் இரண்டையும் கலக்காதீர்கள்.

முழுதாக ஒன்றைச் செய்து காட்டுகிறேன். பயிற்சிக்காக நாங்கள் எழுதிக்கொண்ட வரி: 'ஸ்கியாகிராம் செஸ்ட், பி.ஏ. வெட் பிலிம். மொட்டில்ட் ஷடோஸ், ரைட் அப்பர் ஸோன். ஸ்கிறீனிங் அட்வைஸ்ட்.' ஆண்டு 1948 என்று வைத்துக்கொள்வோம்.

புதியவர் எழுதியது: 'நெஞ்சு நிழற்படம், முதுகுப் பக்கம். ஈரமான பிலிம். வலது மேற்சோணையில் புள்ளியிட்ட கருநிழல்கள். நோய்க்கண்டறிப் பரிசோதனை அறிவுறுத்தப்படுகிறது.' ஒவ்வொரு துண்டிலும் ஒரு பிழையாவது இருக்கிறது.

படிகளின்படி வந்தது: 'நெஞ்சு எக்ஸ்றேப் படம், கதிர் முதுகால் புகுந்து மார்பால் வந்தது. பிலிம் காயுமுன் பார்த்தது. வலப்பக்க மேல் வலயத்தில் திட்டுத் திட்டாக வெள்ளை நிழல்கள். ஒளிரும் திரையில் நேராகப் பார்ப்பது நல்லது.'

11. வரைந்து சரிபாருங்கள்

மூலத்தைப் பார்க்காத ஒருவரிடம் உங்கள் தமிழை மட்டும் கொடுத்து, படத்தை வரையச் சொல்லுங்கள். நெஞ்சுக்கூடு ஒன்றைக் கோட்டில் கீறிக் கொடுத்தால் போதும். வெள்ளை எங்கே, கறுப்பு எங்கே, எந்தப் பக்கம் என்று அவர் நிரப்பட்டும். பிறகு பிலிமோடு ஒப்பிடுங்கள்.

இடம் வலம் மாறியிருந்தால், நோயாளி நம்மைப் பார்த்து நிற்பது போல் பிலிமை வைத்துப் பார்க்கிறோம் என்பதை நீங்கள் சொல்லவில்லை என்று பொருள். நிறம் மாறியிருந்தால் நாலாம் படிக்குத் திரும்புங்கள்.

அதன் பிறகு ஒரு பழைய ரேடியோகிராபரிடமும், எக்ஸ்றேயைப் பற்றி ஒன்றும் தெரியாத வீட்டுப் பெரியவர் ஒருவரிடமும் சத்தமாக வாசித்துக் காட்டுங்கள். ரேடியோகிராபர் முகம் சுளித்தால் பொருள் பிழை. பெரியவர் "என்ன சொல்லுறாய் பிள்ளை?" என்று கேட்டால் சொல் பிழை. இரண்டையும் திருத்திய பிறகு, கொப்பியில் அந்தச் சொல்லின் பக்கத்தில் ஆண்டு, எழுதியவர், பொருள், தமிழ் என்ற நாலையும் மையால் எழுதுங்கள். பிலிமைப் புதிய கடதாசி உறையில் இட்டு நிமிர்த்தி வையுங்கள். பழைய உறையை எறிய வேண்டாம், அதன் மேல் உள்ள கையெழுத்தும் இனி வாசிக்க வேண்டியதுதான்.